விமானத்துக்குள் செல்போன்: பிகோசெல்லா, வைஃபையா, தரை டவரா?

சென்னை–டெல்லி பாதையில் ஏ320 ரக விமானங்களை ஓட்டும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 180 இருக்கை, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். பயணிகளுக்கு வானத்திலும் போன் வசதி தரவேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்துவிட்டது. சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த விதிகள், இந்திய வான்வெளியில் 3,000 மீட்டருக்கு மேல் பறக்கும்போது பேச்சு, இணையம் இரண்டுக்குமே இடம் தருகின்றன. எந்த வழியில் செய்வது என்பதுதான் பாக்கி.

விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி டவர் வைக்கலாம். இதற்குப் பிகோசெல் என்று பெயர். செயற்கைக்கோள் மூலம் வைஃபை தரலாம். அதில் மிக உயரத்தில் நிற்கும் பழைய வகைக் கோள், தாழ்வாகச் சுற்றும் புதிய வகைக் கோள் என்று இரண்டு உண்டு. தரையில் வானம் பார்த்த டவர்களை நட்டு அவற்றிலிருந்து விமானத்துக்கு அலை அனுப்பலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நிறுவனத்துக்கு வைஃபைதான் சரி. வேகத்தைப் பார்த்தோ விலையைப் பார்த்தோ மட்டும் இதைச் சொல்லவில்லை. அலைக் குறுக்கீடு என்ற பிரச்சினைக்கு ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமான பதிலைத் தருகிறது. அந்தப் பதில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

யாருக்கு இடைஞ்சல்?

குறுக்கீடு என்றதும் எல்லோருக்கும் காக்பிட்தான் நினைவுக்கு வரும். பயணி ஒருவர் போனை அணைக்காவிட்டால் விமானத்தின் கருவிகள் தடுமாறும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நியாயமான பூர்வீகம் உண்டு. ஆனால் அது செல்போனைவிடப் பழையது. ஒரு எஃப்எம் ரேடியோ, நாம் திருகி வைக்கும் நிலையத்திலிருந்து 10.7 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஓர் அலையைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். எஃப்எம் வரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அதோடு 10.7-ஐக் கூட்டினால், அதில் ஏறத்தாழப் பாதி, விமானங்களின் வழிகாட்டிக் கருவிகள் கேட்டுக்கொண்டிருக்கும் 108–118 வரிசையிலேயே போய் விழும். 1960-களில் அமெரிக்காவில் கையடக்க மின்னணுக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததற்கு இந்த ரேடியோக்கள்தான் காரணம். பின்னால் வந்த செல்போனும் அதே வலையில் விழுந்தது.

செல்போனும் ஒன்றும் அப்பாவி இல்லை. 2ஜி காலத்து ஜிஎஸ்எம் போன் விநாடிக்கு 217 முறை துடித்துத் துடித்து அலை அனுப்பும். ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தால் அழைப்பு வருமுன் 'டிர்ர் டிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இதுதான். விமானிகளின் ஹெட்செட்டிலும் அந்தச் சத்தம் கேட்டதுண்டு. இதனால் விமானம் விழுந்துவிடாது. ஆனால் தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் எண் ஒன்று சரியாகக் காதில் விழாமல் போனால் அது சின்ன விஷயமும் இல்லை.

இரண்டாவது குறுக்கீட்டைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1991-ல் பறக்கும் விமானத்தில் செல்போனைத் தடைசெய்தபோது அது காப்பாற்ற நினைத்தது தரையிலுள்ள செல்போன் நெட்வொர்க்கை. 10 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் ஏறத்தாழ 350 கி.மீ. தூரத்தில் இருக்கும். விழுப்புரத்துக்கு மேலே பறக்கும் ஒரு போனுக்குச் சென்னை, வேலூர், பெங்களூரு, சேலம், திருச்சி எல்லாமே நேர்ப்பார்வையில் இருக்கின்றன. நடுவே மறைக்கக் கட்டடமும் இல்லை, மரமும் இல்லை. தரையில் நிற்கும் போனின் அலை பக்கத்திலிருக்கும் சில டவர்களுக்குத்தான் எட்டும். மேலே இருக்கும் போனின் அலை நூற்றுக்கணக்கான டவர்களுக்கு எட்டும். ஒரே அலைவரிசையை ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் செல்போன் தொழிலே நிற்கிறது. மேலிருந்து ஒருவர் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் கேட்கும்படி பேசினால் அந்தக் கணக்கு குலைந்துவிடும்.

இத்தனைக்கும் அந்தப் பயணிக்கு ஒரு பயனும் கிடைக்காது. டவர்களின் ஆன்டெனா தரையைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மேலே கசிவதுதான் போகும். சாதாரண ஜிஎஸ்எம் டவர் 35 கி.மீ.க்கு அப்பால் உள்ள போனோடு பேசவே முடியாதபடி வடிவமைக்கப்பட்டது. விமானமோ மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது. போன் ஒரு டவரைப் பிடிக்கப் பார்க்கும், தவறவிடும், அடுத்ததைத் தேடும். பதில் வராத ஒவ்வொரு முறையும் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். ஜிஎஸ்எம் போன் 900 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் 2 வாட் வரை ஏறும், 1800-ல் 1 வாட் வரை. பேட்டரி தீருவதுதான் மிச்சம்.

ஆகத் தீர்க்கவேண்டியது இரண்டு. காக்பிட் கெடக்கூடாது, தரை நெட்வொர்க்கும் கெடக்கூடாது.

பிகோசெல்: போனை ஏமாற்றி அடக்குவது

பொறியியல் அழகு என்று பார்த்தால் என் ஓட்டு பிகோசெல்லுக்குத்தான். விமானத்தின் கூரைக்குள் நீளவாக்கில் ஒரு கேபிள் ஓடும்; அது முழுக்க மெல்லியதாக அலை கசியும்படி செய்யப்பட்டது, அதுவே ஆன்டெனா. அதன் மறுமுனையில் ஒரு சிறு டவர்ப் பெட்டி. அது செயற்கைக்கோள் வழியாகத் தரையோடு பேசும். டவர் சில மீட்டர் தூரத்திலேயே இருப்பதால் போன் கத்தவேண்டிய அவசியம் இல்லை. ஜிஎஸ்எம் 1800-ல் சக்தியை 1 மில்லிவாட்டுக்கு இறக்கிக்கொள் என்று பெட்டி உத்தரவிடும், போன் கேட்கும். 1 வாட்டிலிருந்து 1 மில்லிவாட், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் காக்பிட்டுக்கும் தொல்லை இல்லை, தரைக்கும் ஒன்றும் போய்ச் சேராது.

ஆனால் ஜன்னல் வழியாகத் தரை டவரின் அலை உள்ளே வந்துகொண்டிருந்தால்? சில போன்கள் அதைப் பிடிக்கத்தானே பார்க்கும். அதற்காக இன்னொரு பெட்டி. தாலி கட்டும் நேரத்தில் அபசகுனச் சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்று கெட்டிமேளம் கொட்டுகிறோம் அல்லவா, அதே வேலையை இது செய்கிறது: தரை டவர்கள் பேசும் அலைவரிசைகள் அனைத்திலும் கேபினுக்குள் மட்டும் மெல்லிய இரைச்சலைப் பரப்பி, தரையிலிருந்து வரும் குரல் போனுக்குக் கேட்காமல் செய்துவிடும். தரை கேட்காததால் போன் விமானத்துக்குள் இருக்கும் டவரோடு மட்டும் சேரும். சேராத போன் சும்மா கிடக்கும், கத்தாது.

ஐரோப்பிய ஆணையம் 2008-ல் இதற்கான பொது விதியை வகுத்தது: ஜிஎஸ்எம் 1800, 3,000 மீட்டருக்கு மேல் மட்டும். அதே ஆண்டு மார்ச் 20 அன்று துபாயிலிருந்து காசாபிளாங்கா போன எமிரேட்ஸ் ஏ340 விமானத்தில், அனுமதி பெற்ற சேவை வழியாக முதல் செல்போன் அழைப்பு போனது. 2013-ல் ஐரோப்பா 3ஜி, 4ஜியையும் சேர்த்துக்கொண்டது, 2022-ல் 5ஜியையும்.

இவ்வளவு நன்றாக வேலை செய்யும் ஒன்றை ஏன் நம் ஏ320-க்கு வேண்டாம் என்கிறேன்?

முதல் காரணம் அந்த இரைச்சல் பெட்டி. 2008-ல் ஐரோப்பாவில் அது நான்கு அலைவரிசைத் துண்டுகளை மூடினால் போதும். இன்று இந்தியாவில் செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்டவற்றைப் பாருங்கள்: 700, 800, 900, 1800, 2100, 2300, 2500, 3300 மெகாஹெர்ட்ஸ், அதற்கு மேல் 26 கிகாஹெர்ட்ஸ். கையிலிருக்கும் ஒரு நடுத்தர விலை போனே இவற்றில் பெரும்பாலானவற்றைக் கேட்கும். அனைத்தையும் மூடுவதென்றால் பெட்டி பெரிதாகும், எடை கூடும், ஒவ்வொரு அலைவரிசை ஏலத்துக்கும் பிறகு மாற்றவேண்டியும் வரும். ஐரோப்பாவே 2016-ல் இந்தப் பெட்டி விதியைத் தளர்த்திவிட்டது. பெட்டியைக் கழற்றிவிட்டால் பிகோசெல்லின் தனிச்சிறப்பில் பாதி போய்விடுகிறது.

இரண்டாவது, பில். பிகோசெல் என்பது சட்டப்படி ஒரு வெளிநாட்டு நெட்வொர்க் மாதிரி. பயணியின் போன் அதில் ரோமிங்கில் சேர்கிறது. ஜியோ 2020-ல் இதற்கென ஒரு நாள் பேக்குகளை அறிமுகப்படுத்தியபோது விலை 499, 699, 999 ரூபாய்; 499-க்கு 100 நிமிடப் பேச்சும் 250 எம்பி டேட்டாவும். ஏர்டெல் 2024-ல் 195 ரூபாயிலிருந்து தொடங்கியது. பேக் போட்டவருக்குப் பரவாயில்லை. பேக் போடாமல், ரோமிங்கை அணைக்கவும் மறந்து தூங்கிவிட்டவரின் போன் பின்னணியில் போட்டோக்களை ஏற்றிக்கொண்டே இருக்கும். இறங்கியபின் வரும் கோபம் முழுக்க விமான நிறுவனத்தின் மேல்தான் வந்து விழும். துபாய்க்கோ லண்டனுக்கோ போகிறவர் ரோமிங் என்ற எண்ணத்தோடுதான் ஏறுகிறார். டெல்லிக்குப் போகிறவரிடம் ரோமிங் கட்டணம் என்று சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, கொள்ளளவு. தொடக்ககாலப் பிகோசெல்கள் சார்ந்திருந்த, இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் இணைப்பு ஒரு சேனலுக்கு அதிகபட்சம் 432 கிலோபிட். ஒரே நேரத்தில் சிலர் பேசலாம், அவ்வளவுதான். இன்று வேகமான செயற்கைக்கோள் இணைப்புகளோடும் அது வேலை செய்கிறது. ஆனால் வேகமான இணைப்பு வந்துவிட்டால், அதையே நேராக வைஃபையாகத் தரலாமே, நடுவில் டவர் எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

தரை டவர்: இங்கே அதிகம் யோசிக்கவேண்டியதில்லை

தரையிலிருந்து வானத்தைப் பார்க்கும் டவர்களுக்கென்று தனி அலைவரிசை ஒதுக்கிவிட்டால் தரை நெட்வொர்க்கோடு மோதல் வராது. குறுக்கீட்டுக்கு இது சுத்தமான பதில். அமெரிக்காவில் 1984-ல் வந்த ஏர்ஃபோன் என்ற விமானத் தொலைபேசி இந்த வழிதான். 2008-ல் கோகோ நிறுவனம் அதே கருத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு விமானத்துக்கு 3.1 மெகாபிட், அதை எல்லாப் பயணிகளும் பங்குபோட்டுக்கொள்ளவேண்டும். ஐரோப்பாவில் இன்மார்சாட்டும் ஜெர்மன் தொலைபேசி நிறுவனமான டாய்ச் டெலிகாமும் சேர்ந்து சுமார் 300 டவர்களோடு, துணைக்கு ஒரு செயற்கைக்கோளையும் வைத்து இன்னும் நவீனமாகச் செய்திருக்கின்றன.

இந்தியாவில் அப்படி ஒரு டவர் வரிசை இல்லை. ஒரு விமான நிறுவனம் தனியாக நட்டுக்கொள்ளவும் முடியாது. நட்டாலும், சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் விமானம் பெரும்பாலும் வங்கக்கடலுக்கு மேல்தான் இருக்கிறது. அங்கே எதில் டவர் நடுவது? இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

வைஃபை: ரேடியோவை அணைத்துவிடுவது

வைஃபை வழியில் குறுக்கீட்டுக்குத் தரும் பதில் மிகச் சாதாரணமானது. போனை ஃப்ளைட் மோடில் போடு. செல்போன் ரேடியோ அணைந்துவிட்டது. இனி தரை டவரைத் தேடாது, 2 வாட்டுக்கு ஏறாது, இரைச்சல் பெட்டி தேவையில்லை, அலைவரிசை ஏலத்தைக் கவனிக்கத் தேவையில்லை. அப்புறம் வைஃபையை மட்டும் போட்டுக்கொள். வைஃபையின் சக்தி மிகக் குறைவு, அலைவரிசையும் விமானத்தின் வழிகாட்டிக் கருவிகளிடமிருந்து விலகியே இருக்கிறது. இந்திய விதியும் இதைத்தான் சொல்கிறது: 2020 மார்ச்சில் வந்த திருத்தப்படி, போன், லேப்டாப், டேப்லெட் எல்லாம் ஃப்ளைட் மோடில் இருந்தால் வைஃபை பயன்படுத்த விமானி அனுமதிக்கலாம்.

வைஃபை என்றால் காக்பிட்டுக்குத் தொல்லையே இல்லையா என்று கேட்டால், அப்படிச் சொல்லிவிட முடியாது. 2011-ல் தரையில் நடந்த ஒரு வைஃபை சோதனையின்போது போயிங் விமானத்தின் காக்பிட் திரைகள் இருண்டுபோயின. ஹனிவெல் என்ற நிறுவனம் செய்த ஒரு குறிப்பிட்ட ரகத் திரைகள் அவை. பறக்கும்போது அப்படி நடந்ததாகப் பதிவில்லை. இருந்தும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ விடவில்லை. அந்தத் திரைகள் உள்ள 737, 777 ரக விமானங்கள் 1,300-க்கும் மேற்பட்டவற்றில் அவற்றை மாற்றும்படி 2014-ல் உத்தரவிட்டது. இந்தச் சம்பவத்தை வைஃபைக்கு எதிரான சாட்சியாகச் சிலர் காட்டுவார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பிரச்சினை ஒரு பாகத்தில் இருந்தது, சோதனையில் பிடிபட்டது, பாகம் மாற்றப்பட்டது, முடிந்தது. பிகோசெல்லிலோ ஒவ்வொரு பயணத்திலும் 180 போன்களும் சொன்னபடி கேட்கவேண்டும்.

சரி, எந்தச் செயற்கைக்கோள்? நிலையாக நிற்பதுபோல் தெரியும் பழைய வகைக் கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப் செய்திக்கு அரை விநாடி ஒன்றுமே இல்லை. பேச்சுக்கு அது எரிச்சல், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். இந்த வகைக்கு இந்தியாவில் வழி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. 2020-ல் விஸ்தாராவின் போயிங் 787 விமானங்களில் பானாசானிக், நெல்கோ கூட்டணி மூலம் வந்தது. 2025 ஜனவரி முதல் ஏர் இந்தியா உள்நாட்டுப் பாதையிலும் ஏ350, 787-9, சில ஏ321நியோ விமானங்களில் தருகிறது. 2024 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் ஏறிப்போன இஸ்ரோவின் ஜிசாட்-20, மொத்தம் 48 கிகாபிட் கொள்ளளவு கொண்டது. விமான இணையம் அதன் நோக்கங்களில் ஒன்று.

புதிய வகை, ஸ்டார்லிங்க் போன்றது, சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. தாமதம் வீட்டு பிராட்பேண்ட் அளவுக்கு இறங்கிவிடும். 2024-ல் ஹவாயன் ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ் என்று தொடங்கிப் பெரிய நிறுவனங்கள் வரிசையாக அந்தப் பக்கம் போகின்றன. எடையும் முக்கியம்: யுனைடெட் நிறுவனம் தன் சிறு விமானங்களில் மாற்றியபோது பழைய கருவி சுமார் 136 கிலோ, புதியது 39 கிலோ, பொருத்த எட்டு மணி நேரம் என்று சொன்னது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஏறி இறங்கும் ஏ320-க்கு 100 கிலோ குறைவது எரிபொருளில் தெரியும். முதுகில் பெரிய திமில் வைக்காமல் தட்டையான ஆன்டெனா இருப்பதும் நல்லது.

தடை சட்டப் பக்கம் இருக்கிறது. 2018 விதிகளின்படி, இந்திய வான்வெளியில் போகும் தகவல் இந்திய மண்ணிலுள்ள தரை நிலையம் வழியாகத்தான் போகவேண்டும், சட்டப்படி கண்காணிக்க வசதி இருக்கவேண்டும். ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் 2025-ல்தான் கிடைத்தது. தரை நிலையங்களும் அலைவரிசை ஒதுக்கீடும் முழுதாக ஓடும் நிலையில் இருக்கின்றனவா என்பதைக் கையெழுத்திடும் நாளில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். ஓடுகின்றன என்றால் அதுவே தேர்வு; இல்லையென்றால் உயரச் சுற்றுப்பாதையிலேயே தொடங்கலாம், செய்தி அனுப்புவதற்கு அது தாராளம்.

ஓடிபி என்ற நெருடல்

வைஃபையை இவ்வளவு தாங்கிப் பேசினாலும் ஓர் இடத்தில் பிகோசெல் தெளிவாக ஜெயிக்கிறது. போனின் சொந்த எண் அதில் உயிரோடு இருக்கிறது. வங்கியின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும் நாட்டில் இது லேசான விஷயம் இல்லை. ஜியோவின் அந்த முதல் பேக்குகளில் உள்வரும் அழைப்புக்கு அனுமதி இல்லாவிட்டாலும் உள்வரும் எஸ்எம்எஸ் இலவசம். வைஃபையிலோ, வானத்தில் உட்கார்ந்து டிக்கெட் பதிவுசெய்ய நினைப்பவர் பணம் செலுத்தும் கட்டத்தில் ஓடிபி வராமல் தவிக்கலாம். சில போன்களில், சில சிம்களில் வைஃபை வழியாகவே எஸ்எம்எஸ் வந்துவிடும், சிலவற்றில் வராது. இதில் இன்னொரு சங்கடம்: வைஃபைக்குள் நுழையும் பக்கமே எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்பும்படி அமைத்துவிட்டால், ஃப்ளைட் மோடில் இருக்கும் போனுக்கு அது எப்படி வரும்? பிஎன்ஆர் எண்ணையும் குடும்பப் பெயரையும் கேட்டால் போதும். டிக்கெட் எடுத்தபோதே ஆள் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியுமே.

இந்த ஒரு வசதிக்காக மட்டும் பிகோசெல் பொருத்துவது என் கணக்கில் தகாது. ஆனால் வளைகுடா பாதை வேறு. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிறவர்கள் எப்படியும் ரோமிங் பேக் யோசிப்பவர்கள். நாலு மணி நேரப் பயணம், கடல்தான் அதிகம். அங்கே பெரிய விமானங்களில் வைஃபையோடு சேர்த்துப் பிகோசெல்லும் வைப்பதில் அர்த்தம் உண்டு. வளைகுடா நிறுவனங்கள் சில அப்படித்தான் செய்திருக்கின்றன. நம் கேள்வி உள்நாட்டு ஏ320 என்பதால் இதை ஓரமாக வைக்கிறேன்.

பேச்சை அனுமதிப்பதா?

தொழில்நுட்பம் முடியும் என்று சொன்ன இடத்தில் மனிதர்கள் வேண்டாம் என்று சொன்ன கதை இது. எஃப்சிசி 2013-ல் தன் 1991 தடையைத் தளர்த்த முன்வந்தது, பிகோசெல்லை நம்பித்தான். விமானிகளும் விமானப் பணியாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பயணிகள் விமானத்தில் செல்போன் பேச்சைத் தடைசெய்யும்படி போக்குவரத்துத் துறைக்கே சட்டமாகச் சொன்னது. 2020 நவம்பரில் எஃப்சிசி தன் முயற்சியைக் கைவிட்டது. அலைக் குறுக்கீட்டைத் தீர்த்துவிட்டார்கள். பக்கத்து இருக்கைக் குறுக்கீட்டைத் தீர்க்க முடியவில்லை.

நம் ஊரில் இதற்குச் சட்டம் தேவையா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மூன்று இருக்கைகள் அடுத்தடுத்து உள்ள வரிசையில், அதிகாலை ஆறு மணி டெல்லி விமானத்தில், ஸ்பீக்கரைப் போட்டுப் பேசும் ஒருவரைக் கற்பனை செய்யவே பயமாக இருக்கிறது. தாழ்சுற்றுக் கோளின் வேகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடையில்லாமல் போகும் என்பதால் கட்டுப்பாட்டை நிறுவனமே வைக்கவேண்டும். பேச்சுச் செயலிகளை வைஃபையிலேயே முடக்க முடியும். தொடக்கத்திலிருந்தே முடக்கிவிடுவது நல்லது. பின்னால் திறப்பது சுலபம், கொடுத்ததைப் பிடுங்குவது கஷ்டம்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2024 நவம்பர் திருத்தத்தின்படி 3,000 மீட்டரைத் தாண்டியபின், கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று விமானத்தில் அறிவித்த பிறகுதான் வைஃபை திறக்கும். டெல்லிப் பயணத்தில் இது பெரிய இழப்பு இல்லை. சென்னை–மதுரை போன்ற ஒரு மணி நேரப் பறப்பில் ஏறுவதும் இறங்குவதும் போக மிஞ்சுவது சொற்பம். அந்தப் பாதைகளுக்கென்று தனியாக ஓடும் விமானங்களில் எதையும் பொருத்தவேண்டாம் என்பேன்.

கீழே, தரையிறங்கும் கட்டத்தில் போன் அணைந்தே இருக்கவேண்டும் என்பதில் நானும் கறார்தான். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய 5ஜி டவர்கள் விமானத்தின் உயரமானியைத் தொல்லைப்படுத்தலாம் என்ற அச்சத்தில் ஏர் இந்தியா உள்படப் பல நிறுவனங்கள் பயணங்களை ரத்து செய்தன. அந்த உயரமானி 4.2–4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. இந்தியாவில் 5ஜி 3.67-க்குக் கீழே நின்றுவிடுவதால் இடைவெளி தாராளம்; இருந்தும் ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2,100 மீட்டருக்குள் அந்த வரிசை டவர்களை வைக்கக்கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. டவர்களுக்கே அத்தனை எச்சரிக்கை என்றால் போன் அணைந்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆக, நிர்வாகத்தின் மேசைக்கு நான் அனுப்பும் குறிப்பு இப்படி இருக்கும். உள்நாட்டு ஏ320, ஏ321-களில் வைஃபை. தாழ்சுற்றுக் கோளுக்கு இந்தியாவில் வழி திறந்திருந்தால் அது, இல்லையேல் ஜிசாட்-20 போன்றதில் ஒரு சேவை. எழுத்துச் செய்தி எல்லோருக்கும் இலவசம், மற்றதற்குச் சிறு கட்டணம். பேச்சு முடக்கம். காக்பிட் திரை முதல் உயரமானி வரை எல்லாக் கருவிகளும் வைஃபையைத் தாங்கும் என்பதற்கான சோதனைச் சான்றை, ரகவாரியாக இல்லாமல் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். ஒரே ரகத்திலேயே வேறு வேறு திரைகள் இருக்கும் என்பதை அந்த ஹனிவெல் விவகாரம் காட்டிவிட்டது.

ஒப்பந்தத்தைப் பத்து ஆண்டுக்குப் போடவேண்டாம். போயிங் நிறுவனம் 2004-ல் கனெக்ஷன் என்ற விமான இணையச் சேவையை லுஃப்தான்சாவில் தொடங்கியது. கருவி கனமானது, விலை அதிகம், சேர்ந்த விமான நிறுவனங்கள் குறைவு; 2006 இறுதியில் மூடிவிட்டது. மூன்று ஆண்டு, அதற்கு மேல் நீட்டிக்கும் உரிமை நம் கையில், ஆன்டெனாவைக் கழற்றி மாற்றும் செலவு யாருடையது என்பது முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும்.